பள்ளிக்கரணை ஓரத்துப் பூனைகள்: கருத்தடை ஆபரேஷன் (கு.க.) பண்ணித் திரும்ப விடலாமா?

நிலா_வேளச்சேரி:
எங்க குடியிருப்பு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கு. கார் நிறுத்துற கீழ்த்தளத்துல 11 பூனை. எதுவும் ஆள்கிட்ட பழகினது இல்ல, கையை நீட்டினாலே ஓடிடும். போன மாசம் கூண்டு வாடகைக்கு எடுத்து, நெத்திலிக் கருவாடு வெச்சு 3 பெட்டையைப் பிடிச்சேன். கு.க. பண்ணி அதே இடத்துல விட்டாச்சு. மீதி 8க்கும் பண்ணணும்னு சங்கக் கூட்டத்துல பேசினா, "பிடிச்சதை எதுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுறே"ன்னு பாதிப் பேர் சண்டைக்கு வர்றாங்க. நான் பண்றது சரின்னுதான் நினைக்கிறேன். தப்புன்னா காரணத்தோட சொல்லுங்க.

மூணாவது_மாடி:
அந்தப் பாதிப் பேர்ல நானும் ஒருத்தன். தினமும் காலைல பைக் சீட்டைத் துடைச்சிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புறேன். மூத்திர நாத்தம் லிஃப்ட் வரைக்கும் வருது. எங்க அம்மாவுக்கு ஆஸ்துமா. பிடிக்கிறதுதான் பிடிக்கிறீங்க, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டா அதுங்களுக்கும் சாப்பாடு கிடைக்கும், எங்களுக்கும் நிம்மதி.

கரையோர_நாரை:
என் எதிர்ப்பு வேறு காரணத்துக்காக. 12 வருடமாக அந்தக் கரையில் பறவை பார்க்கிறேன். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. வெறும் தரையில், கல்லோடு கல்லாக நாலு முட்டை வைத்துவிட்டு, யார் வந்தாலும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். அந்தக் கத்தலே பூனைக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். போன பருவத்தில் உங்கள் மதிலை ஒட்டி இரண்டு குஞ்சுகளின் இறகைப் பார்த்தேன். பக்கத்திலேயே ஈர மண்ணில் பூனைக் காலடி.

கு.க. செய்தால் குட்டி போடுவது நிற்கும், வேட்டை நிற்காது. அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி வீடில்லாத பூனைகளின் கணக்கு. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894ல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத ஒரு சிறு குருவி இனம் ஓரிரு வருடத்தில் அங்கே இல்லாமல் போனது. பள்ளிக்கரணைக்கு 2022ல்தான் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதன் மதிலோரத்தில் பூனையை நாமே கொண்டுபோய் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

நிலா_வேளச்சேரி:
மாடி அண்ணா, முதல்ல உங்களுக்கு. அந்த நாத்தம் பெரும்பாலும் கடுவன் எல்லை குறிக்கப் பீச்சுறது. விதை எடுத்துட்டா அது நல்லாவே குறையும், ராத்திரிச் சண்டையும் குறையும். மார்க்கெட்ல விடுறதை மட்டும் சொல்லாதீங்க. நான் பிடிச்ச மூணாவது பெட்டையோட கதையைக் கேளுங்க. ராத்திரி 11 மணிக்குக் கூண்டு விழுந்துச்சு. மேல பெட்ஷீட் போட்டதும் கத்துறதை நிறுத்திடுச்சு. ஓரமா விலக்கிப் பார்த்தா, கம்பியில இடிச்சு இடிச்சு மூக்குத் தோல் உரிஞ்சிருக்கு. காலைல டாக்டர் வயித்தைத் தடவிட்டு, "இது பால் கொடுத்துட்டிருக்கும்மா, சீக்கிரம் கொண்டுபோய் விட்டுடு"ன்னாரு. சாயங்காலமே மயக்கம் நல்லாத் தெளிஞ்சதும் விட்டோம். ஜெனரேட்டர் ரூம் பின்னாடி ஓடினதைத் தொடர்ந்து போனா, கிழிஞ்ச சாக்குக்குள்ள 4 குட்டி, கண்ணு அப்பதான் திறந்திருக்கு. அதை மார்க்கெட்ல விட்டிருந்தா அந்த நாலும் செத்திருக்கும்.

அப்புறம், இருக்கிற பூனையை அப்புறப்படுத்தினாலும் குப்பைத் தொட்டி அப்படியேதான் இருக்கும். பக்கத்துத் தெருப் பூனை வந்து உட்கார்ந்துக்கும். அதுல ஒரு பெட்டை போதும். 4, 5 மாசத்துலயே சினை பிடிக்கும், 9 வாரத்துல குட்டி, பால் கொடுக்கும்போதே அடுத்த சினை.

கரையோர_நாரை:
காலியான இடத்துக்குப் புதுப் பூனை வரும் என்றால், கு.க. செய்த பூனை இருக்கும் இடத்துக்கும் வரத்தானே செய்யும்? இத்தாலியில் தெருப் பூனையைக் கொல்லக் கூடாது, கு.க. செய்து விட வேண்டும் என்று 1991லேயே சட்டம் போட்டார்கள். ரோமில் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 8000 பூனைக்கு ஆபரேஷன் நடந்தது. 103 பூனைக் கூட்டங்களை ஆராய்ந்தபோது 55ல்தான் எண்ணிக்கை குறைந்திருந்தது. 28ல் கூடியிருந்தது. வெளியிலிருந்து வந்தவையும் ஜனங்கள் கொண்டுவந்து விட்டவையும் மட்டும் சுமார் 21 சதவீதம்.

சிங்கை_மாமா:
நான் சிங்கப்பூர்ல 30 வருஷமா இருக்கேன். இங்க 1998ல அரசாங்கமே தெருப் பூனைக்குக் கு.க. திட்டம் கொண்டுவந்துச்சு. 2003ல சார்ஸ் நோய் பரவினதும் அதை நிறுத்திட்டு, பூனைகளைப் பிடிச்சுக் கொன்னாங்க. எங்க புளோக் கீழே சாப்பாடு வெச்சுட்டிருந்த சீனக் கிழவி தட்டை மட்டும் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போனது இன்னும் கண்ணுலயே நிக்குது. கொன்ன பிறகும் பூனை வந்துச்சு. திரும்பக் கு.க.வுக்குத்தான் வந்தாங்க.

ஆனா நாரை தம்பி சொல்ற அந்த 21 சதவீதம்தான் நிஜமான வியாதி. வளர்த்துட்டுத் தெருவுல விடுறவனைப் பிடிக்கணும். எங்க அடுக்குமாடி வீடுகள்ல ரொம்ப வருஷம் பூனையே வளர்க்கக் கூடாதுன்னு இருந்துச்சு. 2024 செப்டம்பர் 1லேருந்து வீட்டுக்கு 2 பூனை வளர்க்கலாம். லைசென்ஸ் வேணும், உடம்புல சிப் வைக்கணும். இப்ப எவனும் தன் பூனையைத் தெருப் பூனைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. நிலா, உங்க சங்கத்துல யார் வீட்டுப் பூனைக்கெல்லாம் இன்னும் கு.க. ஆகலைன்னு கேட்டியாம்மா?

நிலா_வேளச்சேரி:
கேக்கல மாமா. கேட்டிருக்கணும். பி பிளாக்ல ரெண்டு வீட்டுப் பூனை ராத்திரி கீழே வருது.

நாரை, ரோம் கணக்கை நான் மறுக்கல. மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்துல 1996ல 68 இருந்த பூனை 2002ல 23 ஆச்சு. அங்க கணக்குல வந்த 155ல 73ஐ வீடுகளுக்குக் கொடுத்திருக்காங்க. அதாவது ஆபரேஷன் மட்டும் பத்தாது, பழகுற குட்டியை வீட்டுக்குள்ள அனுப்பணும். அந்த 4 குட்டியில 3க்கு வீடு பார்த்துட்டேன். ஆனா அரைகுறையா 3 பெட்டையோட நிறுத்தினா போட்ட காசு வீண். மிச்சப் பெட்டைங்க போடுற குட்டியால எண்ணிக்கை ஏறிக்கிட்டேதான் போகும். உங்க வேட்டைப் பேச்சுக்கும் அதுதான் என் பதில்: இன்னிக்கு 11 பூனை வேட்டையாடுது, நிறுத்தினா அடுத்த வருஷம் 25 வேட்டையாடும்.

கரையோர_நாரை:
11 பூனை கிழடாகிச் சாகும்வரை ஆள்காட்டி காத்திருக்காதே அம்மா. கட்டடத்துக்குள் இருப்பவற்றை விடுங்கள், நான் தடுக்கவில்லை. மதிலோரம் திரியும் அந்தச் சாம்பல் கடுவனையும் முக்கலர்ப் பெட்டையையும் திரும்ப அங்கே விடுவதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். மார்ச்சில் ஆள்காட்டி முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் அந்த இரண்டு பூனைக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். வலை அடித்த கொட்டகை போடுவதானால் என் பங்குக்குப் பணம் தருகிறேன்.

நிலா_வேளச்சேரி:
ஆள்கிட்ட பழகாத பூனையை ஆயுசுக்கும் கொட்டகையில அடைக்கிறது எனக்கு ஒப்பலை. இதுல நாம ஒத்துப்போக மாட்டோம்னு நினைக்கிறேன். ஆனா சாப்பாட்டுத் தட்டு மதிலோரம் இருக்கிறது என் தப்பு. நாளைக்கே ஜெனரேட்டர் ரூம் பக்கம் மாத்திடுறேன். பகல்ல மட்டும் வைப்பேன், இருட்டுறதுக்குள்ள எடுத்துடுவேன்.

மூணாவது_மாடி:
கடுவன் எல்லாத்துக்கும் முதல்ல பண்ணுங்க. நாத்தம் குறையுதான்னு பார்த்துட்டு நான் காசு தர்றேன்.

நிலா_வேளச்சேரி:
சரி அண்ணா. ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளமா மயக்கத்துலயே ஒரு காது நுனியை நறுக்கிடுவாங்க, தூரத்துலேருந்தே எண்ணிக்கலாம். வெள்ளிக்கிழமை காலைலேருந்து யாரும் எதுவும் வைக்காதீங்க, மீன் முள்ளு கூட வேண்டாம். பசி இருந்தாத்தான் கூண்டுக்குள்ள வரும். ராத்திரி 9 மணிக்குக் கூண்டு வைக்கிறேன். அந்த நேரத்துல கீழ்த்தளத்துல காரை எடுக்காதீங்க. பழைய பெட்ஷீட் இருந்தா ரெண்டு கொடுங்க.