ஆறாவது பேஷண்ட்

டெக்சாஸில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக நாலு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தேன். மெட்-சர்ஜ் வார்டு, அதாவது பொது மருத்துவ, ஆபரேஷன் பேஷண்டுகள் சேர்ந்து இருக்கும் வார்டு. ஒரு நர்ஸுக்கு ஏழு பேஷண்ட் சாதாரணம், யாராவது லீவு போட்டுவிட்டால் எட்டு. கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துவந்த நாட்கள்தான் அதிகம். நர்ஸைக் கட்டாய ஓவர்டைமில் நிறுத்திவைக்க அங்கேயும் தடை உண்டு. ஆனால் ஒருத்திக்கு இத்தனை பேர்தான் என்று சட்டத்தில் எண் கிடையாது. எண் இல்லாத இடத்தில் 'முடியாது' என்றால் சோம்பேறிப் பட்டம்தான்.

அப்புறம் கலிபோர்னியா. 1999-ல் சட்டமாகி 2004-ல் அமலுக்கு வந்த ரேஷியோ, ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் இத்தனை பேஷண்ட் என்று: மெட்-சர்ஜில் முதலில் ஆறு, 2005-லிருந்து ஐந்து; ஐசியூவில் இரண்டு. சேர்ந்த முதல் வாரமே எமர்ஜென்சியிலிருந்து எனக்கு ஆறாவது ஆளை அனுப்பப் பார்த்தார்கள். பழக்க தோஷம், நான் பெட்டைத் தயார் பண்ணப் போய்விட்டேன். அந்த ஷிப்டில் வார்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் போனில் குரலைக்கூட உயர்த்தவில்லை. எல்லோருக்கும் ஐந்து ஆகிவிட்டது, இன்னொரு நர்ஸை அனுப்பினால் பேஷண்டை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. (அந்த பேஷண்ட் கீழே ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக்கிடந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

சாப்பாட்டு நேரத்திலும் அந்த எண் மாறக்கூடாது. அதனால் இடைவேளைக்கு மாற்றாக நிற்கும் பிரேக் நர்ஸ் வந்து ஹேண்ட் ஓவர் வாங்கிக்கொள்வார். அரைமணி நேரம் உட்கார்ந்து சாப்பிட முதலில் கூச்சமாக இருந்தது.

ஆனால் சட்டம் தலையைத்தான் எண்ணுகிறது. ஐந்து பேரில் இரண்டு பேர் குழப்பத்தில் கட்டிலைவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த ஐந்து எட்டுக்குச் சமம்.

பதில்:

அக்கா, நான் டாக்டர். என் பிரச்சினை டாக்டர் தொழில் செய்ய லைசென்ஸ் கேட்டுப் போடும் ஃபார்ம். கோவிட் சமயத்தில் தூக்கமே போய் கவுன்சிலரிடம் போனேன். இன்சூரன்ஸில் பதிவாகக்கூடாது என்று கைக்காசு கொடுத்தேன். பிறகு வேறு மாநிலத்துக்கு விண்ணப்பித்தபோது, மனநலத்துக்காக எப்போதாவது சிகிச்சை எடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி.

2020 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்ட நியூயார்க் எமர்ஜென்சி டாக்டர் லோர்னா பிரீன் பெயரில் 2022-ல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. பயிற்சிக்கும் மனநலத் திட்டங்களுக்கும் பணம் வர அது வழிசெய்தது, நல்லதுதான். ஆனால் லைசென்ஸ் மாநிலங்களின் கையில். வர்ஜீனியா 2020-லேயே, டாக்டர்கள் ரகசியமாக உதவி பெற வழிசெய்து சட்டம் போட்டது. வேலையைப் பாதிக்கும் பிரச்சினை தற்சமயம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும்படி சில மாநிலங்கள் ஃபார்மையும் மாற்றிவிட்டன.

நான் விண்ணப்பித்த மாநிலம் அப்போது மாற்றியிருக்கவில்லை. 'இல்லை' என்று டிக் போட்டேன். இன்னமும் அது உறுத்துகிறது.