புதுப்பிப்பு: 'த ஃபேக்ட் தட்' வாக்கியங்களில் 'விச்' எங்கே வரும்?

ஆங்கிலத்தில் ஃபேக்ட், நியூஸ், பிலீஃப், கிளெய்ம் போன்ற பெயர்ச்சொற்களுக்குப் பின் 'தட்' போட்டு ஒரு முழு வாக்கியத்தையே இணைக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். அந்த 'தட்'டை 'விச்' ஆக்கலாமா என்பதே அதிகம் வந்த கேள்வி. கூடாது. காரணம் இந்த ஜோடியில் தெரியும்.

'த நியூஸ் தட் ஹி ரிசைன்ட்': அவர் ராஜினாமா செய்தார் என்ற செய்தி. 'த நியூஸ் தட் ஹி பிராட்': அவர் கொண்டுவந்த செய்தி. முதலாவதில் 'ஹி ரிசைன்ட்' தனியாகவே நிற்கும். செய்தியின் உள்ளடக்கமே அதுதான். 'ஹி பிராட்' தனியாக நிற்காது, எதைக் கொண்டுவந்தார் என்ற இடம் காலி. அந்தக் காலியிடம் இருந்தால்தான் 'விச்' பொருந்தும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'என்ற' கேட்டால் 'தட்' மட்டுமே.

அடுத்த சறுக்கல் வினைச்சொல்லில். 'த ஃபேக்ட் தட் பிரைசஸ் ஆர் ரைசிங் வொரீஸ் அஸ்' என்பதே சரி. பக்கத்தில் 'பிரைசஸ்' இருப்பதால் கை தானாக 'வொரி' என்று எழுதிவிடும்; எழுவாய் ஃபேக்ட், அது ஒருமை.

'டெஸ்பைட்'டுக்குப் பின் நேராக 'தட்' போட்டு ஒரு வாக்கியத்தை இணைக்க முடியாது. நடுவில் 'த ஃபேக்ட்' வேண்டும். 'டெஸ்பைட் த ஃபேக்ட் தட்' நீளமாகப் பட்டால் அதற்குப் பதில் 'ஆல்தோ' போடுங்கள், அதுவே அழகு. 'ஆப்பர்சூனிட்டி' இந்த 'தட்' பெயர்ச்சொற்களின் கூட்டத்தில் சேராது, அதற்குப் பின் 'டு' வரும். 'பாஸிபிலிட்டி' சேரும்.

'டிமாண்ட்' வந்தால் 'தட் ஹி ரிசைன்' என்று எழுதுங்கள். கோரிக்கை என்பதால் அங்கே 'ரிசைன்ஸ்' வேண்டாம்.