காஸ்ட்ரோவில் பக்கம் கிணற்று வீடு: இன்னும் ஆழமாகப் போர் போடலாமா?

புதுவீட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சான் ஹோசே வாடகை கட்டுப்படியாகாமல், 8 மாதம் முன்பு கலிபோர்னியாவின் மான்டரே கவுண்டியில் ஒரு பழைய வீடு வாங்கினோம். காஸ்ட்ரோவில்லுக்கும் சலினாஸுக்கும் நடுவில், ஒன்றரை ஏக்கர். மூன்று பக்கமும் லெட்டூஸ் வயல், நான்காவது பக்கம் ஆர்டிசோக். குழாய்த் தண்ணீர் கிடையாது, சொந்தக் கிணறுதான். 1970களில் போட்டது, 380 அடி என்று விற்றவர் சொன்னார். ஊரில் எங்கள் வீட்டுப் போர் 90 அடி. 380 என்றதும் "அடேயப்பா, வற்றவே வற்றாது" என்று மாமியார் சந்தோஷப்பட்டார்.

வற்றவில்லை. ஆனால் காபி ஒரு மாதிரி இருந்தது. பருப்பு வேக நேரமாகிறது. கொத்தமல்லி இலையின் ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. போன மாதம்தான் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். குளோரைடு லிட்டருக்கு 310 மில்லிகிராம், நைட்ரேட் 14 (நைட்ரஜன் கணக்கில் என்று போட்டிருக்கிறது).

போர் போடும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இந்த ஊரில் எல்லாரும் ஆழ அடுக்குக்குத்தான் போகிறார்கள், 1000 அடிக்கு மேல் போனால் நல்ல தண்ணீர்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையை எழுதவே கை வரவில்லை. வீட்டுக்காரர் சொல்வது வேறு: "2023இல் அவ்வளவு வெள்ளம் வந்ததே, இன்னும் இரண்டு நல்ல மழை பெய்தால் கிணறு தானே சரியாகிவிடும்."

யார் சொல்வது சரி? வீட்டில் 4 மாதக் குழந்தை இருக்கிறது. மாமியார் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பால்பொடி கலக்குகிறார், அதனால் அதில் பயமில்லை என்று நினைக்கிறேன்.

---

லேப்கோட் எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தத் தண்ணீரில் பால் கலப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதனால்தான் பட்டென்று சொல்கிறேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுகிற மாதிரிதான். நைட்ரஜன் கணக்கில் வரம்பு 10, உங்களுக்கு 14. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுக்கும், குழந்தை நீலம் பாய்ந்துபோகும். உதடு, நகம் நீலமாகத் தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனை. எப்படியும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கூஜாவில் வைக்கும் கரி வடிகட்டியும் இதற்கு உதவாது. பாட்டில் தண்ணீர், இல்லையென்றால் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஆர்.ஓ. போட்ட பிறகு அந்தத் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிட்டுக் குடியுங்கள். நைட்ரேட் வரம்பு மீறிய வீட்டுக் கிணற்றுக்காரர்களுக்கு இலவசத் தண்ணீர் தரும் ஏற்பாடு அந்தப் பக்கம் உண்டு, கவுண்டி சுகாதாரப் பிரிவில் கேளுங்கள்.

இன்னொன்று. சில தாளில் வரம்பு 45 என்று போட்டிருக்கும், அது நைட்ரேட்டாகவே கணக்கிட்டது. நைட்ரஜன் கணக்கில் வரும் 14ஐ அந்த 45க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து "நாம் ரொம்பக் கீழே இருக்கிறோம்" என்று நிம்மதியாகத் தூங்குபவர்களை நான் மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

---

புதுவீட்டுக்காரி எழுதியது:

ஐயோ அக்கா. படித்ததும் கை நடுங்கிவிட்டது. வீட்டுக்காரர் கடைக்கு ஓடியிருக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறாள், நகமெல்லாம் பார்த்துவிட்டேன், நாளைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. மாமியார்தான் பாவம், ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். 4 மாதமாக ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் கொதிக்க வைத்தவர்.

---

வாய்க்கால் எழுதியது:

தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள், இந்த ஊரிலேயே பிறந்தவர்கள் பலருக்கும் அது தெரியாது.

நான் சலினாஸில் ஒரு லெட்டூஸ் பண்ணையில் நீர்ப்பாசனம் பார்க்கிறேன். 2010இல் சலினாஸ் ஆற்றின் குறுக்கே ரப்பர் அணையை எழுப்பினார்களே, அந்த வருடம் சேர்ந்தேன். சொந்த ஊர் மீஞ்சூர் பக்கம். சென்னைக்கும் ஆலைகளுக்கும் இறைத்து இறைத்து 60களின் கடைசியிலேயே கடல் உள்ளே வந்த இடம் அது. எங்கள் தாத்தா கிணற்றில் மாடுகூட வாய் வைக்காது. அங்கிருந்து தப்பித்து வந்து இங்கேயும் உப்புத் தண்ணீரோடுதான் பிழைப்பு.

அந்த ஆள் சொன்ன ஆழ அடுக்குக் கதைக்கு வருகிறேன். சலினாஸ் பள்ளத்தாக்கின் கடலோரத்தில் நீரடுக்குகள் மாடி வீடு மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. 180 அடி அடுக்கு, 400 அடி அடுக்கு, அதற்கும் கீழே ஆழ அடுக்கு. நடுவில் களிமண் படலம். முதலில் எல்லாரும் 180இல் இறைத்தார்கள், கடல் உள்ளே வந்தது. 1946இலேயே மாநில அரசு அறிக்கை போட்டு எழுதிவைத்துவிட்ட சங்கதி இது. உப்பு வந்ததும் என்ன செய்தார்கள்? 400க்கு இறங்கினார்கள். அங்கேயும் வந்தது. இப்போது ஆழ அடுக்கு. அந்தத் தண்ணீர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தது, எடுத்தால் மறுபடி ஊறுவது அநேகமாக இல்லை. 2018இல் கவுண்டியே பயந்துபோய் அங்கே புதுக் கிணறுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. தாத்தா சேர்த்துவைத்த நகையை விற்று மளிகைக் கடன் அடைப்பது என்பார்களே, அதுதான்.

இதில் இன்னொரு வில்லங்கம். ஆழமாகப் போடும் ஒவ்வொரு துளையும் மேலே இருக்கிற உப்பு அடுக்கைத் தாண்டித்தான் போகிறது. கேசிங் (துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய்) துருப்பிடித்தாலோ வெளிப்பக்கம் சிமெண்ட் சரியாக அடைக்காவிட்டாலோ, உப்பு கீழே இறங்க நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. 400 அடி அடுக்கில் கடற்கரையோடு தொடர்பே இல்லாமல் நடுவில் தீவு தீவாக உப்பு தெரிய ஆரம்பித்தது. இப்படி மேலிருந்து இறங்கியதுதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

அதனால்தான் உங்கள் சோதனைத் தாளைப் பார்த்ததும் எனக்கு வேறு சந்தேகம். நைட்ரேட் மேலிருந்து வருகிற சரக்கு, வயலில் போட்ட உரம். உங்கள் பக்கம் மேலே தடிமனான களிமண் இருக்கிறது, அவ்வளவு சுலபமாக 380 அடிக்கு இறங்காது. குளோரைடு உப்பின் அடையாளம், கடல் பக்கமிருந்து வருவது. இரண்டும் ஒரே கிணற்றில் சேர்ந்து வந்தால், நான் முதலில் கேசிங்கைத்தான் பார்ப்பேன். 50 வருடப் பழைய இரும்பு. மோட்டாரை மேலே தூக்கிவிட்டு உள்ளே கேமரா இறக்கிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், 1000 அடி போர் செலவில் அது தூசு. மாநில நீர்வளத் துறையின் தளத்தில் பழைய கிணறுகளின் தோண்டுபதிவும் தேடலாம்: எத்தனை அடியில் என்ன மண், எங்கே துளையிட்ட குழாய் என்று எழுதியிருக்கும். விற்றவர் சொன்ன 380ஐ அப்படியே நம்பவேண்டாம்.

310 என்பதை வைத்து ரொம்பப் பயப்படவும் வேண்டாம். கவுண்டி நீர்வள முகமை வரைபடத்தில் கடல்நீர் எல்லை என்று கோடு போடுவது 500இல். கடல்நீரில் குளோரைடு சுமார் 19,000. நூறு குடம் நல்ல தண்ணீரில் மூன்று குடம் கடல்நீர் விழுந்தாலே 500ஐத் தாண்டிவிடும். எங்கள் வயலில் சோதனைக் கருவி வருவதற்கு முன்பே கண்டுபிடிப்பவர் ஒருவர் இருந்தார், வயதான மெக்சிகோ மேஸ்திரி. குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவார். "சலாதா" (உப்பு) என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அந்தக் கிணற்றை அந்தப் பருவத்துக்கு ஸ்ட்ராபெரி பக்கம் கொண்டுபோக மாட்டோம். ஆர்டிசோக் கொஞ்சம் உப்பு தாங்கும், ஸ்ட்ராபெரி துளியும் தாங்காது. உங்கள் கொத்தமல்லியும் அந்த ஜாதிதான்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட வெள்ளக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் உங்கள் கூரைமேல் பெய்கிற மழை உங்கள் கிணற்றுக்கு வராது. கடலோரத்தில் மேலே அந்தக் களிமண் மூடிபோட்டிருக்கிறது. இந்த அடுக்குகளுக்குத் தண்ணீர் பெரும்பாலும் தெற்கே, பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தில் ஆற்றுமணலில் இறங்கி நகர்ந்து வரவேண்டும். அதற்காகத்தான் 1957இல் நாசிமியென்டோ அணை, 1967இல் சான் அன்டோனியோ அணை. குளிர்கால மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் ஆற்றில் விடுவார்கள், அது மணலில் மறைந்துவிடும். சலினாஸ் ஆறு பாதி நாள் வெறும் மணலாகத் தெரிவது அதனால்தான். அதெல்லாம் உங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் எத்தனை மோட்டார்!

கடலோரத்தில் 1998இலிருந்து வேறொரு ஏற்பாடும் ஓடுகிறது. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து காஸ்ட்ரோவில் சுற்றுப்புறத்தில் சுமார் 12,000 ஏக்கருக்குக் குழாயில் கொடுக்கிறார்கள், விவசாயி கிணற்றை நிறுத்திவைக்கட்டும் என்று. ரப்பர் அணையும் அதற்கு ஆற்றுநீர் சேர்க்கத்தான். நல்ல வேலை. ஆனால் எங்களுக்கு ஜூலையில் தண்ணீர் போதாது, துணைக் கிணறுகளை ஓட்டவேண்டி வருகிறது. ஜனவரியிலோ லெட்டூஸ் எல்லாம் அரிசோனாவின் யூமாவுக்குப் போயிருக்கும், தண்ணீர் மிஞ்சும். மிஞ்சியது கடலுக்குப் போவதைப் பல வருடம் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். 2020இலிருந்து ஒரு பங்கை இன்னும் சுத்தமாக்கி, மான்டரே பக்கத்து ஊர்களுக்காக சீசைடில் நிலத்துக்குள் செலுத்துகிறார்கள்.

---

ஸ்ட்ராபெரிக் கணக்கன் எழுதியது:

வாய்க்கால் அண்ணன் சொன்னதில் குறையில்லை. ஆனால் அணை, குழாய் என்றே பேசினால் எப்படி? நான் பஜாரோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், வாட்சன்வில்லில் ஒரு பெர்ரிப் பண்ணைக்குக் கணக்கு எழுதுபவன். எங்களுக்கும் அதே கடல், அதே உப்பு. பஜாரோ பள்ளத்தாக்குக்கு 1984லேயே தனி நீர் முகமை வந்துவிட்டது. பண்ணைக் கிணற்றுக்கு மீட்டர், இறைக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடிக்கும் கட்டணம். ஓர் ஏக்கர்-அடி என்றால் 12 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த பில் மேசைக்கு வந்தால்தான் முதலாளி கசியும் சொட்டுநீர்க் குழாயை மாற்றக் கையெழுத்துப் போடுகிறார், நான் கண்ணால் பார்த்தது. மழைநீரைத் தன் நிலத்தில் பள்ளம் வெட்டி உள்ளே இறக்கினால் கட்டணத்தில் தள்ளுபடியும் உண்டு. சலினாஸில் எவ்வளவு இறைத்தோம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள், சரி. எழுதிக் கொடுத்தால் யாருக்கு வலிக்கும்?

---

வாய்க்கால் எழுதியது:

கணக்கரே, வலிக்கும் ஆள் யார் என்பதுதான் என் கவலையும். பெரிய கம்பெனி கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்படியே இறைக்கும். 20 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ஸ்ட்ராபெரி போடும் ஆள் முதலில் விழுவார். உங்கள் பக்கமும் கட்டணம் வந்த பிறகு உப்பு நின்றுவிடவில்லை, 2009இல் நீங்களும் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாய்க்குத்தானே வந்தீர்கள்? கட்டணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014 மாநில நிலத்தடி நீர்ச் சட்டப்படி எங்கள் பக்கம் 2040க்குள் தண்ணீர் வரவும் செலவும் சரிக்கட்டியாக வேண்டும், இறைப்பைக் குறைக்காமல் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். குறைப்பது யார் வயலில் என்று கேட்டால்தான் கூட்டத்தில் எல்லாரும் கைபேசியைப் பார்க்கிறார்கள்.

தங்கச்சி, அந்தச் சட்டத்தில் உங்களுக்குப் பயமில்லை. வருடம் 2 ஏக்கர்-அடிக்குள் வீட்டுக்கு மட்டும் எடுப்பவர்களை மீட்டர் போடச் சொல்ல முடியாது.

---

புதுவீட்டுக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கேமரா இறக்கினோம். அரைமணி நேரப் பதிவு, கறுப்பாகக் குழாய்ச் சுவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 146 அடியில் நிறுத்திக் காட்டினார்கள். துருவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கிணற்றின் அடி 340, 380 இல்லை. மாமியார் திரையைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் என் பேத்திக்குக் குடிக்கக் கொடுத்ததா" என்றார்.

உள்ளே சின்ன கேசிங் இறக்கி வெளிப்பக்கம் அடைக்கலாம் என்று ஒருவரும், 50 வருடக் கிணற்றில் அது வீண், மூடிவிட்டுப் பக்கத்தில் அதே ஆழத்தில் புதிதாகப் போடு என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். வாய்க்கால் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வயல் வேலை இல்லையென்றால் ஒரு எட்டு வந்து பதிவைப் பார்க்க முடியுமா? சாப்பாடு இங்கேதான். பாட்டில் தண்ணீரில் பருப்பு நன்றாகவே வேகிறது.