பிக்கப்பைக் கொடுத்துவிட்டுக் குடும்ப வண்டி எடுக்கலாமா?

தொட்டிவண்டி:
வணக்கம் நண்பர்களே. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய டபுள் கேபின் (இரண்டு வரிசை சீட்) பிக்கப் ஒன்று ஓட்டுகிறேன். டீசல், 4x4, இதுவரை பெரிய செலவு வைத்ததில்லை. பெரியவனுக்கு நான்கு வயது, அடுத்தது வரப்போகிறது, அங்கேதான் சிக்கல். அண்ணன் வீட்டிலிருந்து கைக்குழந்தை சீட்டை இரவல் வாங்கி, பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்துப் பார்த்தேன். அது உட்கார வேண்டுமென்றால் முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்றால், மனைவியின் முட்டி டேஷ்போர்டில் இடிக்கிறது. பெரியவன் சீட்டின் மேல் பட்டையை மாட்டுவது இன்னொரு கூத்து: பெஞ்சின் சாய்வை மடக்கி, அதற்கும் கேபின் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவ வேண்டும்.

வீட்டில் ஏழு சீட்டர் வேண்டும் என்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான், ஆனால் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியை விட மனசு வரவில்லை, அவ்வப்போது மரம், சிமென்ட் மூட்டை ஏற்றுவேன், சின்ன டிரெய்லரும் இழுப்பேன். கடனும் இன்னும் முடியவில்லை. உயரமான எஸ்யூவியா, வேன் மாதிரி வண்டியா, இல்லை தொட்டிக்கு மூடி போட்டு இதையே ஓட்டலாமா? எஸ்யூவி பக்கம்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன்.

பட்டைஸ்பிரிங்:
எஸ்யூவி என்றதும் கேட்கிறேன், எந்த எஸ்யூவி? பிக்கப் ஓட்டியவர்கள் நேராகப் போய் நிற்பது அதே கம்பெனியின் பெரிய எஸ்யூவியில்தான். ஹைலக்ஸ் பிக்கப்பின் அடித்தளத்தில்தான் ஃபார்ச்சூனர் எஸ்யூவி, ரேஞ்சருக்கு எவரெஸ்ட், டி-மேக்ஸுக்கு எம்யூ-எக்ஸ். பின்னால் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் இருக்கும், அதனால் காலி வண்டி பள்ளத்தில் துள்ளுகிற தொல்லை நன்றாகவே குறையும். ஆனால் கீழே ஓடுவது அதே மாதிரி ஏணிச் சேசிஸ், அதாவது ஏணி வடிவ இரும்புச் சட்டம். அதன் மேல்தான் பாடி உட்காருகிறது, அதனால் தரையும் உயரம்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது உங்கள் மனைவிக்கு இப்போது எவ்வளவு கஷ்டமோ, அதில் பெரிய வித்தியாசம் வராது.

மூன்றாவது வரிசையையும் பாருங்கள். ஃபார்ச்சூனரில் அது பல நாடுகளில் இரண்டு பக்கமும் மேலே மடிந்து தொங்கும், டிக்கியின் அகலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். எவரெஸ்டிலும் எம்யூ-எக்ஸிலும் தரையோடு மடியும். ஷோரூமில் அந்த சீட்டுகள் எப்போதும் மடித்தே இருக்கும், நிமிர்த்திக் காட்டச் சொல்லி, அப்புறம் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

ரெட்டைவால்:
எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஸ்லைடிங் கதவு வேன் ஓட்டுகிறேன். அதைப் பார்த்தால் யாருக்கும் கார் ஆசை வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக்காரர் ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருப்பார், கையில் தூங்குகிற குழந்தை, தோளில் பை. சாதாரணக் கதவென்றால் பாதிதான் திறக்கும், அந்த இடுக்கில் குழந்தையின் தலை இடிக்காமல் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுப் பாருங்கள், தெரியும். ஸ்லைடிங் கதவு முழுதாகத் திறக்கும். பெரியவனும் கதவை வீசித் திறந்து அடுத்தவர் வண்டியில் கோடு போட மாட்டான்.

கார்னிவல், சியன்னா மாதிரி வேன்களில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், சீட்டை மடக்கினால் அதற்குள்தான் போகும். நிமிர்த்தி வைத்திருக்கும்போது அந்தப் பள்ளம் முழுக்க சாமானுக்கு, ஸ்ட்ரோலரை மடக்கி நிற்க வைக்கலாம். நீளத்துக்குப் பயப்படாதீர்கள், கார்னிவல் 5.15 மீட்டர் அளவு, டபுள் கேபின் ஹைலக்ஸ் 5.3 மீட்டர். இப்போது நிறுத்துகிற இடத்திலேயே நிற்கும்.

ஒத்தைக்கை:
மாற்றுக் கருத்துக்கு மன்னிக்கவும். தொட்டி இல்லாமல் போனால்தான் அதன் அருமை தெரியும். இந்த வகைப் பிக்கப் ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். குடும்ப வண்டியின் சுமை அளவு பொதுவாக அதைவிடக் குறைவு, அதிலும் உள்ளே உட்காரும் ஆட்களின் எடை அடக்கம். ஏழு பேர் ஏறிய பிறகு சிமென்ட் மூட்டைக்கு இடம் இருக்கும், எடைக்கு அதிக அனுமதி இருக்காது. நல்ல மூடி போட்டால் ஸ்ட்ரோலர் நனையாது. ஓட்டுங்கள் சகோ, பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

ரெட்டைவால்:
வளர்வதற்குள் அந்த அக்காவின் முட்டி என்னாவது? மூடி போட்டால் சாமான் நனையாது, சரி. கேபினுக்குள் ஒரு அங்குலமாவது கூடுமா?

கணக்கன்:
டிரெய்லர் இருக்கிறதே, அப்புறம் தொட்டி எதற்கு? மரத்தை டிரெய்லரில் ஏற்றுங்கள். ஆனால் வாங்கும் முன் புது வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் பாருங்கள், பல நாடுகளில் பிரேக் உள்ள டிரெய்லரென்றால் 3,500 கிலோ வரை இந்தப் பிக்கப்களுக்கு அனுமதி, வேன்களுக்கு அதைவிட மிகக் குறைவு. டிரெய்லர் மாட்டுகிற கொக்கியின் மேல் அழுத்துகிற எடைக்கும் தனி வரம்பு உண்டு.

முக்கியமான விஷயம் கடன். முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி அதைவிடக் குறைவாகப் போகும் என்றால் மிச்சத்தைப் புதுக் கடனில் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். போன வண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள். எக்ஸ்சேஞ்ச் விலையையும் புது வண்டியின் தள்ளுபடியையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றில் கொடுத்து இன்னொன்றில் எடுப்பது பழைய வித்தை. மாதத் தவணையை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல 4x4 பிக்கப்புக்கு வெளியே ஆள் இருக்கும், அலைய நேரமிருந்தால் நேரடியாக விற்பதே லாபம்.

தொட்டிவண்டி:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு குழந்தை சீட்டையும் எடுத்துக்கொண்டு ஷோரூம் போனோம். விற்பனைப் பையன் முகம் சுளித்தான், பரவாயில்லை. எஸ்யூவியில் இரண்டும் உட்கார்ந்தன, ஆனால் மாட்டிய பிறகு மூன்றாவது வரிசைக்குப் போக வழியில்லை, ஒரு சீட்டைக் கழற்றினால்தான் முடியும். அம்மா அப்பாவை எங்கே ஏற்றுவது? வேனில் நடுவில் சந்து இருக்கிறது, பெரியவன் தானே ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். மனைவி முன் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், அதோடு பேச்சு முடிந்தது.

கடன் பாக்கி வண்டியின் மதிப்பைவிடக் குறைவுதான், அதனால் நேரடியாக விற்கப் பார்க்கிறேன். டிரெய்லரில் ஏற்றுவது எப்போதும் வேனின் வரம்புக்குள்தான் இருக்கும், ஒருமுறை எடை போட்டும் பார்த்துவிடுகிறேன்.

பட்டைஸ்பிரிங்:
நல்லது. கொக்கியை வேனோடு சேர்த்தே கேளுங்கள், எலக்ட்ரிக் வயரிங்கும் அப்போதே போட்டுவிடுவார்கள். அப்புறம், கைக்குழந்தை சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் முன்னால் ஏர்பேக் இயங்குகிற சீட்டில் வைக்காதீர்கள், பின்பக்கம் பார்த்த சீட்டை அது நேராக வந்து அடிக்கும்.

ஒத்தைக்கை:
பிக்கப்பை என்ன விலை சொல்கிறீர்கள்? தனிச்செய்தியில் போடுங்கள்.