மென்பொருள் மாத்தின வாரம்: உங்க சர்ஜரில என்ன நடந்தது?

மாத்திரைக்காரன் (பார்மசிஸ்ட், மேற்கு லண்டன்)

எங்க ஜிபி சர்ஜரில (இங்க டாக்டர் கிளினிக்கை அப்படித்தான் சொல்வாங்க) நோயாளிங்க ரெக்கார்டு வைக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாத்தினாங்க. எதுலேர்ந்து எதுக்குன்னு எழுதப் போறதில்ல. ரெண்டு தடவை டிரையல் டேட்டா (ரெக்கார்டெல்லாம் புதுசுல சரியா வருதான்னு பார்க்கிற ஒத்திகை), அப்புறம் பழசு ரீட்-ஒன்லி, நடுவுல காகிதம், செவ்வாய் கோ-லைவ், அதாவது புதுசுல வேலை தொடங்கற நாள். தெரிஞ்ச கூத்துதான்.

கோ-லைவ் அன்னிக்கு ஒரு குஜராத்தி தாத்தா. ருமட்டாய்டு மூட்டுவாதம், அதுக்குத் தொடர்ந்து வாங்கற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. திரையில மருந்து இருக்கு, 2.5 மில்லிகிராம் இருக்கு, எண்ணிக்கையும் இருக்கு. எப்படிச் சாப்பிடணும்ங்கிற கட்டத்துல 'சொன்னபடி'ன்னு மட்டும் நிக்குது. பழசுல 'வாரத்துல ஒரு நாள், திங்கள், ஆறு மாத்திரை'ன்னு அடிச்சு வச்சிருந்தது வரவே இல்ல. வாரத்து மருந்து தினமும் போனா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் சொல்ல வேணாம். என்எச்எஸ்ல (இங்க அரசாங்க மருத்துவச் சேவை) நடக்கவே கூடாதுன்னு தனிப் பட்டியல் போட்டிருக்காங்களே, அதுல இருக்கிற தப்பு.

எப்படிச் சாப்பிடறீங்கன்னு கேட்டேன். வாயால பதில் சொல்லல. கோட்டுப் பையிலேர்ந்து மெத்தோட்ரெக்சேட் புக்லெட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, 'மண்டே' மேல விரலை வச்சார். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் அவர் கையெழுத்துலயே தேதி போட்டு இருந்தது.

அன்னிக்கே அந்த மருந்து எடுக்கிற எல்லாரையும் தேடிப் பார்த்தேன். மத்த எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. அவர் ஒருத்தருக்கு மட்டும் ஏன் வரல? சாஃப்ட்வேர் சப்ளையர்கிட்ட கேட்டா பதில் சொல்லாம புகார் டிக்கெட்டை மூடிட்டாங்க. அதுதான் குடையுது.

ஈஸ்ட்ஹாம் அக்கா (ரிசெப்ஷன்)

தம்பி, எங்களுக்கு மருந்தெல்லாம் ஒழுங்கா வந்தது. போனது பாப்-அப். ஆக்களின்ர ரெக்கோர்ட்டைத் திறந்தவுடன மஞ்சள் பெட்டி ஒண்டு வருந்தானே, 'காது கேக்காது', 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்' எண்டு. அதில ஒண்டும் புதுசுக்கு வரேல்லை.

ஒரு பிள்ளைக்கு 'வீட்டு நம்பருக்கு எடுக்க வேண்டாம், மொபைல் மட்டும்' எண்டு போட்டிருந்தது. ஏன் எண்டு இங்க வேலை செய்யிற ஆக்களுக்கு விளங்கும். எனக்குப் பக்கத்தில இருந்த புது ஆள் ரிசல்ட் சொல்ல அவவின்ர பேரைத் திறந்து, முதலாவதா இருந்த நம்பரை அடிச்சிட்டா. பேரை நான் கண்டது மணி அடிக்கத் தொடங்கினாப் பிறகுதான். எட்டிப் போனை அமத்தினன். அதுக்குள்ள ஒரு ஆம்பிளைக் குரல் 'ஹலோ' எண்டிட்டுது. எங்கட லைன் நம்பர் காட்டாது, அது ஒண்டுதான் ஆறுதல்.

டேட்டா துரை, லெஸ்டர்

மாத்திரைக்காரன் சார், கோவிச்சுக்காதீங்க. டிரையல் டேட்டா எதுக்குத் தர்றாங்க? அதுல பார்த்திருந்தா இது வெளிய வந்திருக்கும். எங்களுக்குச் சில பேரோட சர்க்கரைப் பரிசோதனைக்குத் திரும்பக் கூப்பிடற தேதி வரல, அவ்வளவுதான், கண்டுபிடிச்சுப் போட்டுட்டோம்.

இனிமே மாத்தறவங்களுக்குச் சொல்றேன். மார்ச் 31-க்கு முன்னாடி தொடவே தொடாதீங்க, க்யூஓஎஃப் கணக்கு (சர்ஜரிக்குப் பணம் வர்ற வருஷாந்திரத் தரக் கணக்கு) நாறிடும். டிரையல்ல சும்மா ஜலதோஷக் கேஸை எடுத்துப் பார்த்துட்டு சரின்னு கையெழுத்துப் போடாதீங்க. இருக்கிறதுலயே மோசமான ரெக்கார்டா எடுங்க: நாலஞ்சு சர்ஜரி மாறி வந்தவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, ஆபத்து இருக்கலாம்னு பாதுகாப்புப் பதிவு போட்டிருக்கிற குழந்தைங்க. மெத்தோட்ரெக்சேட், லித்தியம், வார்ஃபரின், இன்சுலின் எடுக்கிறவங்க பட்டியலைப் பழசு மூடறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சு, புதுசுல வரிக்கு வரி ஒப்பிடுங்க. சிஸ்டத்துல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி முடிக்காத டாஸ்க் எதுவும் வராதுன்னு வச்சுக்கிட்டே வேலை செய்ங்க. நோய், பரிசோதனையைக் குறிக்க உள்ளூர்ல நீங்களே உண்டாக்கின கோட் இருந்தா இன்னும் மோசம். 2018-ல ரீட் கோட்ங்கிற பழைய குறியீடு போய் ஸ்னோமெட்ங்கிற புதுசு வந்தப்பவே அதையெல்லாம் கழிச்சிருக்கணும், பாதிப் பேர் கழிக்கல. அப்புறம் சிஸ்டத்துக்குள்ள நுழையற ஸ்மார்ட்கார்டு உரிமை. கோ-லைவ் காலைல பாதி ஸ்டாஃப் உள்ளயே நுழைய முடியாம நிப்பாங்க, முந்தின வாரமே சரிபாருங்க.

ராத்திரி லோக்கம் (தற்காலிக டாக்டர்)

துரை, டிரையல் டேட்டாவை யார் பார்க்கிறாங்கன்னு தெரியுமா? கிளினிக் முடிச்ச பார்ட்னர் டாக்டர், ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாடு கூட இல்லாம. ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு ஒரு கட்டம் காலியா இருக்கிறது அப்படிக் கண்ணுல படாது. பழியைத் தூக்கி பார்மசிஸ்ட் தலையில வைக்காதீங்க.

நான் சாயங்கால ஹப்ல இருந்தேன், பக்கத்து சர்ஜரிங்க நோயாளிகளைப் பார்க்கிற இடம். அன்னிக்கு ஒரு சர்ஜரி மாறிக்கிட்டு இருந்ததால அவங்க ரெக்கார்டு எங்களுக்குத் திறக்கல. கர்ப்பமான ஒரு பொண்ணு, கூடவே மாமியார். சம்மரி கேர் ரெக்கார்டுல (வேற இடத்துலேர்ந்தும் பார்க்கிற சுருக்கப் பதிவு) மருந்தும் ஒவ்வாமையும் கிடைச்சது, அதுக்கு மேல அன்னிக்கு எதுவும் வரல. முந்தி கர்ப்பம் ஏதாவதுன்னு கேட்டேன். வழக்கமா கேட்கிற கேள்வி. அவ பதிலே சொல்லாம என் ஸ்கிரீனைப் பார்த்தா. உனக்குத்தான் அதுல தெரியணுமே, ஏன் இவங்க முன்னாடி கேட்கிறேங்கிற மாதிரி. மாமியாரை வெளிய உட்காரச் சொன்னேன். அந்தம்மா எழுந்த வேகத்துலயே வீட்டுல அன்னிக்கு என்ன கேள்வி வரும்னு தெரிஞ்சுது.

ஈஸ்ட்ஹாம் அக்கா

துரை, உவ்வளவு நீட்டுக்கு எழுதியிருக்கிறியள், என்ர மஞ்சள் பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லையே?

டேட்டா துரை, லெஸ்டர்

பாப்-அப்பை ரிப்போர்ட்டா இறக்கலாம் அக்கா, பழசு மூடறதுக்கு முன்னாடி கேட்கணும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

மூடியாச்சு. இப்ப பழைய ஆக்கள் இருந்து ஞாபகத்தில வாறதை ஒவ்வொண்டா எழுதிறம். ரிடயர் ஆகிப் போன எங்கட ஹெட் ரிசெப்ஷனிஸ்டையும் வாற கிழமை வரச்சொல்லியிருக்கு. அவவுக்குத்தான் எல்லாற்ற வீட்டுக் கதையும் தெரியும்.