800 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்: கிளட்ச் பக்கப் பிஸ்டன் மட்டும் சீஸ் (சிலிண்டரில் உரசி இறுகிப்போனது), காரணம் என்ன?

பனித்தடம்:

வண்டி 800 சிசி, ரெட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். ஓடினது 6,400 கி.மீ. போன சனி, கனடா ஒன்ராறியோவில ஹலிபர்ட்டன் பக்கம் ஏரியில, மைனஸ் 22இல, ஃபுல் த்ரொட்டில்ல ரெண்டு கி.மீ. மாதிரிப் போகேக்க சத்தம் மாறிச்சுது. ஆர்பிஎம் 8,000இல இருந்து சடாரெண்டு விழுந்து நிண்டுட்டுது. பத்து நிமிசம் கழிச்சுக் கயித்தை இழுத்தால் சுத்துது, ஸ்டார்ட் ஆகேல்ல.

இதுவரை பார்த்தது: கம்ப்ரெஷன் மேக்னட்டோ பக்கம் 124 பிஎஸ்ஐ, கிளட்ச் பக்கம் 78. கிளட்ச் பக்கப் பிளக்கு வெள்ளையாய் வெளிறி இருக்கு. எக்ஸாஸ்ட்டைக் கழட்டி டோர்ச் அடிச்சால், அந்தப் பக்கப் பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட் நேரே மேலயிருந்து கீழ வரைக்கும் கோடு கோடாய் உரஞ்சிருக்கு, ரிங் அலுமினியத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கு. மற்றப் பிஸ்டன் சுத்தம். கூலன்ட் சரி, ஒயில் டாங்க் பாதி இருக்கு, எரர் கோட் ஒண்டும் இல்லை.

ஒரு பிஸ்டன், ரிங், கேஸ்கெட் போட்டு மூடலாமோ? சிலிண்டரைப் போர் பண்ணி (உள்ளுக்குக் குடைஞ்சு பெரிசாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சொல்லியும் ஒருத்தர் சொல்லுறார்.

கிராங்க்கேஸ்:

சிலிண்டர் மூடியான ஹெட்டில் இன்னும் கை வைக்க வேண்டாம். இப்போது புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே ஏரியில் அதே இடத்தில் போகும்.

உராய்வு எந்த இடத்தில் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நாலு மூலையிலும் நெடுக்குக் கோடு என்றால், சிலிண்டர் சூடாகும் முன்னே பிஸ்டன் விரிந்துவிட்டது, குளிர் சீஸ். இன்டேக் பக்கமும் சேர்ந்து சுற்றிலும் உரசியிருந்தால் ஒயில் போகவில்லை. பிஸ்டன் தலையின் ஓரம் மணல் கொத்தியது போலப் பொத்தல் பொத்தலாக இருந்து, பிளக்கின் பீங்கானில் ஊசிமுனை அளவு வெள்ளிப் பொட்டுகளும் தெரிந்தால் டெட்டனேஷன், அதாவது கலவை சீராக எரியாமல் வெடித்தது. நடுவில் உருகி ஓட்டை விழுந்தால் ப்ரீ-இக்னிஷன், பொறி விழும் முன்னே தீப்பிடித்தது. உங்களுடையது எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும், வெளிறிய பிளக்குடன். அந்தச் சிலிண்டர் லீனாக, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்து ஓடியிருக்கிறது. பிஸ்டனில் அதிகச் சூடு வாங்குவது எக்ஸாஸ்ட் பக்கம்தான், ஒயில் படலம் முதலில் காய்வதும் அங்கேதான்.

பெட்ரோல் பம்போ ஃபில்டரோ கெட்டால் பட்டினி இரண்டு சிலிண்டருக்கும்தான். ஒன்று முந்திக்கொண்டு போகலாம், ஆனால் மற்றது இவ்வளவு சுத்தமாக இருக்காது. எனவே அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உரியதைத் தேடுங்கள்: கிளட்ச் பக்கக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்றை அடைக்கும் வளையம்), இன்டேக் ரப்பர் பூட், அந்தப் பக்க இன்ஜெக்டர், பவர் வால்வ் (எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை மாற்றும் வால்வு) கேஸ்கெட்.

ஒரு கேள்வி: த்ரொட்டிலை விட்டதும் ஆர்பிஎம் டக்கென்று இறங்கியதா, இல்லை 2,500, 3,000இல் கொஞ்ச நேரம் தொங்கியதா? தொங்கியிருந்தால் எங்கேயோ கூடுதல் காற்று உள்ளே நுழைகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிதானே, கம்ப்யூட்டர் சமாளிக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகை வண்டிகளில் பொதுவாக ஆக்சிஜன் சென்சர் கிடையாது. த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம், காற்றின் வெப்பநிலை இவற்றைப் பார்த்து அது பெட்ரோலை அளக்கும். சீல் வழியே நுழையும் காற்று அதன் கணக்கிலேயே வராது. கோட் ஏதும் விழாததும் அதனால்தான்.

இப்போது பிரஷர் டெஸ்ட். எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒரு தட்டும் பழைய டயர் டியூப் ரப்பரும் வைத்து இறுக்கி மூடுங்கள். இன்டேக் பூட்டில் ரப்பர் பிளக், மேலே கிளாம்ப். ஸ்பார்க் பிளக் இடத்தில் இருக்கட்டும். கிராங்க்கேஸுக்குப் போகும் சின்னக் குழாய்கள் எல்லாவற்றையும் அடையுங்கள். காற்று ஏற்ற கம்ப்ரெசர் எடுக்காதீர்கள்; ரத்த அழுத்தம் பார்க்கிற பம்பு போதும். அதில் 300 மி.மீ. காட்டினால் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. 10ஐத் தாண்டினால் நல்ல சீலின் உதடும் பிதுங்கிவிடும். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் ஒழுகல் உண்டு. சோப்புத் தண்ணீர் அடித்துத் தேடுங்கள். ரிங் போன சிலிண்டரில் எப்படி அழுத்தம் நிற்கும் என்று யோசிக்க வேண்டாம், பிஸ்டனுக்கு மேலும் கீழும் எல்லாமே மூடியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

ரீட்வால்வு:

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. நிறைய ரெட்டைச் சிலிண்டர் கிராங்க்ல நடு சீல் லேபிரிந்த் டைப், அதாவது உரசாத வரிப்பள்ளம். காத்து ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் சாவகாசமா போகும். அதனால ரெண்டு எக்ஸாஸ்ட், ரெண்டு இன்டேக் எல்லாத்தையும் அடைச்சு ஒரே தடவையா டெஸ்ட் பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் அடைச்சுட்டு "ஒழுகுது"ன்னு முடிவு பண்ணி, நல்லா இருந்த சீலை மாத்தினவங்க உண்டு.

கிளட்ச் பக்கம் பார்க்க கிராங்க் நுனியில இருக்கிற ப்ரைமரி கிளட்சைக் கழட்டியே ஆகணும். அதுக்கான புல்லர் போல்ட்டை மட்டும் போடுங்க. சுத்தியலால தட்டினா கிராங்க் வளைஞ்சிடும்.

பனித்தடம்:

நன்றி அண்ணை. ஆர்பிஎம் தொங்கினது உண்மைதான், ஒரு மாசமாய் அப்பிடித்தான். குளிர் எண்டு விட்டுட்டன்.

ரெண்டு பக்கமும் அடைச்சு 6க்கு ஏத்தினன். ஒரு நிமிசத்தில 2க்கு வந்துட்டுது. பூட், பேஸ் கேஸ்கெட், பவர் வால்வ் எல்லாம் காய்ஞ்சபடி. கிளட்சைக் கழட்டிச் சோப்புத் தண்ணி அடிச்சால், கிராங்க் சீலின்ர கீழ்ப்பக்கம் நுரை பொங்கிக்கொண்டே இருக்கு. பின்சுவரிலும் ஒயில் கறுப்பாய்ப் படிஞ்சிருக்கு. அந்தச் சீலை வெளியில இருந்து நெம்பி எடுக்கலாமோ?

கிராங்க்கேஸ்:

பெரும்பாலான எஞ்சின்களில் முடியாது. சீலின் வெளிவிளிம்பு கேஸின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேல்பாதி, கீழ்ப்பாதியைப் பிரித்தால்தான் வரும். எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், உரசிப் போன அலுமினியத் தூள் கீழே இறங்கியிருக்கும். அந்தத் தூள், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராட்டின் பேரிங்கில் இருந்தால் புதுப் பிஸ்டனுக்கு ஆயுள் ஒரு சீசன்கூடக் கிடையாது.

சீல் தானாகப் போவது அபூர்வம். அதன் பின்னால் இருக்கும் மெயின் பேரிங் ஆடுகிறதா, கிராங்க் நுனி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கிராங்க்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் தொட்டுச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். உங்கள் மாடலுக்குரிய எல்லை சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி. பெல்ட் வெடித்த வண்டி என்றால் கிராங்க் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு பிஸ்டனின் டிடிசியையும் (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) டயல் கேஜில் எடுத்துப் பாருங்கள், 180 டிகிரி இடைவெளி சரியாக வர வேண்டும். ராட்டை மேலும் கீழும் அசைத்தால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு.

சீல் மாற்றும்போது இரண்டு முனையும் மாற்றுங்கள். கிராங்க்கில் சீல் உரசும் இடத்தில் நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். பூட்டியதும், ஹெட்டை ஏற்றியபின், அதே 6 பிஎஸ்ஐ டெஸ்டை மறுபடி செய்யுங்கள். எஞ்சின் வண்டிக்குள் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

நிக்கசில்:

போர் பண்ணச் சொன்னவர் பழைய இரும்பு ஸ்லீவ் காலத்து ஆள் போலிருக்கு. உங்கள் சிலிண்டர் உள்சுவர் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு. அதை வெட்டினால் பூச்சு போச்சு, மறுபடி பூச அனுப்பத்தான் வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டாம். பார்க்கிற கோடுகளில் பல, சிலிண்டரில் விழுந்த கீறலே இல்லை. பிஸ்டனின் அலுமினியம் சுவரில் ஒட்டியது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மியூரியாட்டிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்த ஒட்டலின் மேல் மட்டும் தடவுங்கள். திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. புஸ்ஸென்று நுரைக்கும். துடைத்து மறுபடி தடவுங்கள். அலுமினியம் தீர்ந்ததும் நுரை அடங்கும். அடங்காமல் ஒரே புள்ளியில் நுரைத்துக்கொண்டே இருந்தால் அங்கே பூச்சு போய், அமிலம் சிலிண்டர் உடம்பைத் தின்கிறது. உடனே நிறுத்திக் கழுவுங்கள், அந்தச் சிலிண்டர் மறுபூச்சுக்கு. போர்ட் ஓரங்களில் பூச்சில்லாத அலுமினியம் இருக்கிறது, அங்கே படவிடாதீர்கள். கடைசியில் சோடா மாவுத் தண்ணீர், சோப்பு, பிறகு ஒயில்.

நுரை அடங்கி, நகத்துக்கு ஒன்றும் தட்டவில்லை என்றால் பந்து ஹோன் (நுனிகளில் உராய்வு உருண்டைகள் உள்ள பிரஷ்), 240 கிரிட், ஒயில் ஊற்றிப் பத்துப் பதினைந்து விநாடி. மூன்று கல் ஹோன் போர்ட் ஓரத்தில் மாட்டிப் பூச்சைப் பெயர்த்துவிடும். பிறகு போர் கேஜால் மூன்று உயரத்தில், இரு திசையிலும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ரீட்வால்வு:

பூட்டும்போது தப்பு நடக்கிற இடங்களை மட்டும் சொல்றேன்.

ரிங்கை வெறும் சிலிண்டருக்குள்ள விட்டு பிஸ்டன் தலையாலேயே நேரா தள்ளி, ஃபீலர் கேஜ்ல இடைவெளி பாருங்க. 85 மி.மீ. போருக்கு 0.35 மி.மீ. சுமாரா இருக்கணும். கம்மியா இருந்தா சூட்டுல ரெண்டு முனையும் முட்டிக்கும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனோட ரிங் பள்ளத்துல, ரிங் சுத்தாம பிடிக்கிற லொகேட்டிங் பின் இருக்கும், ரிங்கோட வாய் அது மேல ஏறாம உட்காரணும். பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பிஸ்டனை ராட்டோட சேர்க்கிற கட்ஜன் பின்னைப் பிடிக்கிற சர்க்ளிப் எப்பவும் புதுசுதான், அதோட வாய் நேர் மேல அல்லது நேர் கீழ. பக்கவாட்டுல வெச்சா பிஸ்டன் ஏறி இறங்குற வேகத்துல தெறிச்சு வந்துடும். அப்புறம் சிலிண்டர் சுவரைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்க்விஷ், அதாவது பிஸ்டன் உச்சில இருக்கும்போது ஓரத்துல ஹெட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி பாருங்க: 2 மி.மீ. ஈயக் கம்பியை பிளக் ஓட்டை வழியா கட்ஜன் பின் நேர்ல சுவர் வரைக்கும் விட்டு, கையால ஒரு சுத்து. நசுங்கின இடத்தை ரெண்டு பக்கமும் அளந்து கையேட்டு அளவோட வெச்சுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா பேஸ் கேஸ்கெட் தடிமன்ல சரி பண்ணணும்.

சீல்தான் குற்றவாளின்னு தெரிஞ்சாலும் இன்ஜெக்டர் ரெண்டையும் ஃப்ளோ டெஸ்டுக்கு அனுப்புங்க. ஒயில் லைன்ல காத்துக் குமிழ் இல்லாம ப்ளீட் பண்ணுங்க. இதை மறந்துதான் ரெண்டாவது எஞ்சின் சாகுது.

பனித்தடம்:

மற்றப் பக்கப் பிஸ்டனையும் மாத்தவோ? பிரேக்-இன் எப்பிடி?

கிராங்க்கேஸ்:

6,400 கி.மீ., கேஸையும் பிரிக்கிறீர்கள். இரண்டையும் மாற்றுங்கள், ராட்டின் மேல்முனையில் பிஸ்டனைத் தாங்கும் சின்னமுனை பேரிங்கும் சேர்த்து.

முதல் டாங்குக்கு ஒயில் பம்ப் கொடுப்பது போக, பெட்ரோலிலும் 50க்கு 1 கலக்குங்கள்: 40 லிட்டருக்கு 800 மி.லி. ஆக்டேன் 91, புதிதாக அடித்தது. கோடையில் இருந்து டாங்கில் கிடந்ததை வடித்துவிடுங்கள். முதலில் மூன்று தடவை ஸ்டார்ட் செய்து கூலன்ட் 60 டிகிரி வந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். கூலன்டில் காற்று நிற்காதபடி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ப்ளீட் செய்யுங்கள். முதல் டாங்க் முழுக்க அரைத் த்ரொட்டிலுக்குள், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். பனி இல்லாத கண்ணாடி ஐஸில் ஓட்டாதீர்கள்; டனலுக்கு (ட்ராக்கை மூடும் உடற்பகுதி) அடியில் இருக்கும் கூலருக்குப் பனி தெறித்தால்தான் சூடு இறங்கும். ஐஸைச் சுரண்டித் தூளைக் கூலர்மேல் தெறிக்கவைக்கும் ஸ்க்ராட்சர் இருந்தால் கீழே விடுங்கள்.

டாங்க் தீர்ந்ததும் பிளக்கைக் கழற்றி போரஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் சின்னக் கேமரா) விட்டு இரண்டு பிஸ்டன் தலையையும் பாருங்கள். கலவை உள்ளே வரும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டுகளுக்கு எதிரே பெட்ரோல் கழுவிய சுத்தமான திட்டுகள் இருக்கும், மிச்சம் காப்பி நிறத்தில். இரண்டு பக்கமும் திட்டு ஒரே அளவாக இருக்க வேண்டும். கிளட்ச் பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் ஏரிக்குப் போகாதீர்கள், ரத்த அழுத்தப் பம்பை மறுபடி எடுங்கள்.