அஞ்சலையம்மாளுக்கும் 896க்கும் என்ன தொடர்பு?

கெடிலக்கரை ஆசிரியை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நம் மாவட்டத்துப் பெண்களின் வரலாற்றைப் பற்றி இந்தப் பருவத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். முதல் படம் யாருடையது என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. முதுநகரில் பிறந்து, 1927இல் சென்னையில், 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறுமியாக இருந்த தம் மகளையும் உடன் அழைத்துச் சென்று சிறைப்பட்டு, பின்னர் கருவுற்றிருந்த நிலையிலும் சிறையில் இருந்து, 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அஞ்சலையம்மாளைத் தவிர வேறு யாரை முதலில் வைப்பது?

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் கணித ஆசிரியர் வரைந்து முடித்த அட்டையைப் பார்த்துவிட்டு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு நம் மாவட்டத்தில் 896 பெண்களே இருந்தார்கள் என்பதையும், மாநிலச் சராசரி 943 என்பதையும் நினைவூட்டி, "அஞ்சலையம்மாளுக்கும் இந்த 896க்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். அவர் குதர்க்கமாகப் பேசுகிறவர் அல்லர், உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே விழித்தேன்.

பெருமைக்குரிய பெண்களின் படங்களை வரிசையாக மாட்டி வைப்பதை வரலாறு என்று நானும் நினைக்கவில்லை. இன்றைய ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, எப்படி நிலைக்கிறது என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி காட்டக்கூடிய பெண்கள் வரலாறு எது? கடலூர், புதுவை வட்டாரச் செய்திகளோடு சொல்ல முடிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன். பொதுவான மகளிர் தின உரைகள் என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

பத்திர எழுத்தர் (பண்ருட்டி) எழுதியது:

அம்மா, வணக்கம். நான் நெடுங்காலம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஆகவே என் கண்ணுக்கு வரலாறு முத்திரைத்தாளில்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலையம்மாளின் படத்துக்குக் கீழே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: அவர் வென்ற 1937 தேர்தலில் எந்தெந்தப் பெண்களுக்கு வாக்கு இருந்தது? சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இலேயே வாக்குரிமை வந்துவிட்டது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த வாக்கு, சொத்தோ வரியோ காட்டக்கூடியவர்களுக்கு மட்டுமே உரியது. ஆணுக்கும் அதே விதிதான் என்றாலும், நிலமும் வீடும் ஆண் பெயரிலேயே இருந்த நாட்டில் அந்த விதி யாரை வெளியே நிறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பைத் தளர்த்தி, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களையும், குறிப்பிட்ட தகுதியுடைய ஆண்களின் மனைவியரையும் சேர்த்துக்கொண்டது. கணவனின் சொத்துக்காக மனைவிக்கு வாக்கு! வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது குடியரசான பிறகுதான். ஆக, சொத்து இல்லாதவளுக்கு வாக்கு இல்லை, சொத்துச் சட்டத்தை மாற்றும் மன்றத்தில் அவளுக்கு ஆளும் இல்லை என்ற முடிச்சு எப்படி விழுந்தது என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பார்த்துவிடலாம்.

அந்த முடிச்சை அவிழ்க்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். கணவன் இறந்தால் விதவைக்கு ஒரு பங்கு என்று 1937இல் வந்த சட்டம், அதை ஆயுள் உள்ளவரை அனுபவிக்க மட்டுமே விட்டது. தக்க காரணமின்றி விற்க முடியாது, அவள் காலத்துக்குப் பின் கணவன் வழியினருக்கே போகும். 1956இல்தான் அது முழு உரிமையானது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தபோது, அறுபது ஆண்டுக்கு முந்தைய தீர்மானம் நிறைவேறியது என்று பேசினார்கள். அதிலும் ஒரு கொக்கி இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமாகிவிட்ட மகளுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் 1988 தை மாதம் கழுத்தில் தாலி ஏறிய அக்காவுக்குப் பங்கு இல்லை, 1990இல் மணமான தங்கைக்கு உண்டு என்று ஆயிற்று. அந்த வேறுபாடு 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தில் நீங்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2020 ஆகஸ்டில்.

சட்டம் மாறியதும் எங்கள் தொழிலில் பெருகியது விடுதலைப் பத்திரம். முன்பு மகளின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. பங்கு உண்டு என்று ஆன பிறகு, அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்க வேண்டியிருந்தது. முந்திரித் தோப்பை விற்கவோ, வீட்டின் பேரில் வங்கிக் கடன் வாங்கவோ அண்ணன் முனையும்போது, வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள தங்கைகள் வெளியூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். திருமணத்தின்போதே நகையும் சீரும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால் இனி எனக்குப் பாத்தியம் எதுவும் இல்லை என்ற கருத்தில் பத்திரம் இருக்கும். நான் வாசித்துக் காட்டுவேன், பெரும்பாலோர் பாதியிலேயே "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்பார்கள். சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்து, புகைப்படம் எடுத்து முடிந்ததும், அண்ணன் ஒரு புடவையும் மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுப்பார். யாரும் கையை முறுக்கி வாங்குவதில்லை. ஆனால் பங்கு கேட்ட தங்கையின் மகள் சடங்கானால் தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது? அவள் கணவன் வீட்டில் சண்டை என்றால் எந்த வாசலுக்கு வருவது? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்திடுகிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

கணித ஆசிரியரின் 896க்கு என் பதில் இதுதான். மகள் என்றால் நகையாக, சீராக வீட்டை விட்டு வெளியே போகும் செலவு, மகன் என்றால் நிலத்தோடு நிற்பவன் என்ற கணக்கை மேற்படி பத்திரம் ஒவ்வொன்றும் மீண்டும் உறுதி செய்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன்பே அந்தக் கணக்கைப் பார்த்துவிடும் வீடுகளும் இருந்தன.

பாகூர் வாசகி (புதுச்சேரி) எழுதியது:

ஐயா சொன்ன 1989 கதை எங்களுக்குப் பொருந்தாது. கடலூரிலிருந்து தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு வந்தாலே எங்கள் எல்லை. தமிழ்நாட்டுத் திருத்தம் இங்கே செல்லாது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமைக்கு எங்கள் பக்கத்து மகள்கள் 2005 வரை காத்திருந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தவளா, அந்தப் பக்கம் பிறந்தவளா என்பதைப் பொறுத்து உரிமை பதினாறு ஆண்டு முன்பின்னாக வந்தது என்பதை உங்கள் மாணவர்கள் ஒரு வரைபடத்திலேயே காட்டலாம்.

இன்னொரு புதுவைச் செய்தியும் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே ரெனோன்சான்கள் எனப்பட்டார்கள். அந்தச் சட்டத்தில் வாரிசுரிமையைப் பொறுத்தவரை மகனும் மகளும் சமம். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்றே எழுதி வைத்தார்கள். பிரெஞ்சுச் சட்டம் பெண்ணை வாழவைத்தது என்று சொல்ல வரவில்லை; மகளுக்குச் சம பங்கு கொடுத்த அதே 1804ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் விதித்திருந்தது. பிரான்சிலேயே பெண்ணுக்கு வாக்குரிமை 1944இல்தான், அதாவது சென்னை மாகாணத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி வந்தது. மேல்நாடு முன்னால் போனது, நாம் பின்னால் போனோம் என்று பிள்ளைகள் எழுதி வந்தால் இதைக் காட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது உள்ளாட்சியைப் பற்றி. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசமைப்புத் திருத்தம் வந்து முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாகவே உயர்த்தியது. புதுச்சேரியிலோ 1968க்குப் பிறகு 2006இல் ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011இல் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. தேர்தல் இல்லாத இடத்தில் இட ஒதுக்கீடு யாருக்கு? ஊராட்சியில் பயின்று மேலே வரவேண்டிய பெண்களின் ஒரு தலைமுறையே இல்லாமல் போனது என்பது என் கருத்து. 2021 சட்டமன்றத் தேர்தலில் முப்பது தொகுதிகளில் வென்ற பெண் ஒருவர்தான். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டமும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை ஆகிய இரண்டுக்கும் பிறகே நடைமுறைக்கு வரும் என்று கட்டிவைக்கப்பட்டது. கையில் கொடுத்ததைத் தள்ளி வைக்கும் இந்தப் பழக்கத்துக்கு வரலாறு உண்டு என்பதை ஐயாவின் பட்டியலே காட்டுகிறது.

ஒதுக்கீடு இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே தெற்குத்திட்டை இருக்கிறது. 2020இல் அந்த ஊராட்சியின் தலைவரான தலித் பெண், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தாம் தரையில் அமர்ந்திருந்த படம் வெளியாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது. இடையில் ஒன்று: எங்கள் காரைக்கால் அம்மையாரை எந்தச் சிவாலயத்து அறுபத்துமூவர் வரிசையிலும் எளிதாக அடையாளம் காணலாம், மற்றவர்கள் நிற்க அவர் அமர்ந்திருப்பார். அடியார்களில் அமர இடம் பெற்றவர் பெண்தான் என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் தெற்குத்திட்டையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்.

தேவனாம்பட்டினத்துக்காரன் எழுதியது:

மேலே எழுதிய இருவர் மீதும் மரியாதை உண்டு. ஆனால் இருவரும் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை. 1989இல் சட்டம் வந்தது. 896 என்ற கணக்கு வந்தது அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. சட்டம் நல்லதாகிக்கொண்டே வந்த காலத்தில்தான் வரதட்சணையும் பெருகியது, கருவில் இருப்பது என்ன என்று பார்க்கும் கருவியும் சிற்றூர் வரை வந்தது. ஆகவே 896ஐப் பழைய சட்டத்தின் மிச்சம் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். புதிதாக முளைத்த அநீதிகளும் உண்டு. மேலும், பட்டா நிலமே இல்லாத கரையோர மக்களுக்கு விடுதலைப் பத்திரம் என்ன சொல்லும்?

எங்கள் பாட்டிமார் வலை பின்னியவர்கள். நைலான் வலை இயந்திரத்தில் செய்து வந்ததும் அந்தக் கைவேலை போயிற்று. விசைப்படகு வந்து, மீன் துறைமுகத்தில் மொத்த ஏலத்துக்குப் போனபோது, கரையில் படகுக்காகக் காத்திருந்து கூடையில் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற பெண்கள், முதல் போட்டு ஏலம் எடுக்கும் வியாபாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. மீனவர் என்றால் கடலுக்குப் போகும் ஆண் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது என்ன நடந்தது என்பதைக் கண்காட்சியில் கட்டாயம் வையுங்கள். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். எங்கள் தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. கடல் ஆள் பார்த்து அடிக்கவில்லை. அந்தக் காலை நேரத்தில் ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்தார்கள். ஆழ்கடலில் படகுக்கு அடியில் போன அலை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் நின்றார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். ஆண் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நீந்தக் கற்றுக்கொள்கிறான், மரம் ஏறுகிறான். பெண் பிள்ளையை யாரும் தண்ணீரில் இறக்கிவிடுவதில்லை. ஓடும்போது நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டது. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு என்ன கற்றுத்தர வேண்டும் என்று காலங்காலமாகப் பிரித்து வைத்ததன் விளைவு அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வரலாறு இன்றைக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் பலவற்றைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிந்தார்கள். அது நல்ல மாற்றம். பத்திர எழுத்தர் ஐயாவுக்கு அந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கிறேன்.

கெடிலக்கரை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 391, 146 என்ற எண்களைக் கணித ஆசிரியரிடம் காட்டினேன். அந்த அட்டையைத் தாமே வரைந்து தருவதாகச் சொல்லிவிட்டார். 1989, 2005 என்று இரு நிறத்தில் தென்பெண்ணையின் இரு கரைகளையும் காட்டும் வரைபடமும் வைக்கிறோம். அஞ்சலையம்மாளின் படம் முதலிடத்திலேயே இருக்கும். அவருக்கு யார் யார் வாக்களித்திருக்க முடியும் என்ற கேள்வி அதன் கீழே வரும். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பட்டாவும் பத்திரமும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்து எழுதி வரச் சொல்லலாமா?

பத்திர எழுத்தர் எழுதியது:

வேண்டாம் அம்மா. அத்தைகள் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பிள்ளை பீரோவிலிருந்து எடுத்தால், அன்று மாலையே நான்கு வீடுகளில் பழைய வழக்கு கிளம்பும். மறுநாள் பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பார்கள். அதற்குப் பதிலாகப் பெயர், ஊர் எதுவும் இல்லாத மாதிரி விடுதலைப் பத்திரம் ஒன்றை நானே எழுதித் தருகிறேன். வகுப்பில் ஒரு மாணவி அதை உரக்க வாசிக்கட்டும். பிறகு, நீயாக இருந்தால் கையெழுத்திடுவாயா என்று மாணவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் பள்ளி முகவரிக்கு அனுப்பிவிடுகிறேன்.